முன் இருக்கையில் வீட்டு ஆள்

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் பிரேக் வேலை செய்த எந்தக் காரும் நேராக உரிமையாளர் கைக்குப் போனதில்லை. வேலை செய்தவனே முதலில் ஓட்ட வேண்டும். முன் இருக்கையில், அவன் பக்கத்தில், அவன் வீட்டு ஆள் ஒருவர் உட்கார வேண்டும். மேட்டுச் சாலையின் உச்சி வரை ஏறி, அங்கிருந்து பாலம் வரை இறங்கும் நீண்ட சரிவில் பிரேக்கை மிதித்து மிதித்து வந்து, ஒர்க்‌ஷாப் வாசலில் நிறுத்த வேண்டும். அதன் பிறகுதான் சாவி. அப்பா வைத்த முறை இது. மற்ற வேலைக்கெல்லாம் ரசீது கொடு, பிரேக் வேலைக்கு வீட்டு ஆளைக் காட்டு என்பார்.

சமதரையில் எந்த பிரேக்கும் பிடிக்கும். தேய்ந்து வெறும் தகடாகிப்போன பிரேக் பேடுகூடக் கீச்சென்று கத்திக்கொண்டு பிடித்துவிடும். இறக்கத்தில் அப்படி ஏமாற்ற முடியாது. மிதிக்க மிதிக்கச் சூடேறும். சூடேற ஏற உள்ளே இருக்கிற குறையெல்லாம் வெளியே வரும். தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சாவியை நீட்டுகிறவர்களை அப்பா மெக்கானிக் என்றே சொல்லமாட்டார்.

அப்பாவுக்கு அம்மா உட்கார்ந்தாள். எனக்கு என் மனைவி உட்கார்ந்தாள். முழங்கால் இரண்டும் போய் நான் வாசல் நாற்காலிக்கு வந்த பிறகு, வண்டிக்கு அடியில் படுத்துச் செய்கிற வேலையெல்லாம் தம்பியுடையதாயிற்று. அதனால் தம்பி மனைவிதான் எப்போதும் உட்காருவாள். கீழே ஒர்க்‌ஷாப், மேலே வீடு. இரண்டு குடும்பத்துக்கும் ஒரே படிக்கட்டு, ஒரே அடுப்பு. தம்பி கீழிருந்து கூப்பிட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கி வருவாள். வாய்த்துடுக்கு உண்டு, ஆனால் கெட்ட வாய் இல்லை.

"ஊர்ல ஓடுற பாதி கார்ல ஏறி எறங்கியாச்சு. ஒண்ணுலயாவது எங்கயாவது போய்ச் சேர்ந்திருக்கேனா? பொறப்பட்ட எடத்துக்கே கொண்டு வந்து விடுறாங்க" என்று ஒருநாள் வாடிக்கையாளர் முன்னாலேயே சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் ஒரு பெருமை இருந்தது. எங்கள் வீட்டுப் பெண்கள் எங்கள் வேலையை நம்பி ஏறுகிறார்கள், ஊர் அதைப் பார்க்கிறது என்ற பெருமை.

தம்பியின் கை வேகமானது. அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. நான் ஒரு சக்கரத்தைக் கழற்றுவதற்குள் அவன் இரண்டைக் கழற்றி, பேடை மாற்றி, மூன்றாவதுக்கு ஜாக்கி வைத்துவிடுவான். வாடிக்கையாளர்களுக்கு அவனைப் பிடிக்கும். எனக்கு அவனிடம் பிடிக்காதது ஒன்றே ஒன்று. ஒரு வேலையில் இருக்கும்போதே அடுத்த வேலைக்குக் கண் போய்விடும். பலமுறை சொல்லியிருக்கிறேன். கேட்டுக்கொண்டே ஸ்பேனரைத் தேடுவான்.

டீச்சரம்மாவின் கார் அப்படித்தான் அவன் கைக்கு வந்தது. மேட்டுச் சாலையின் உச்சியில் வீடு. நடக்க முடியாத தன் அக்காவை ஏற்றிக்கொண்டு தினமும் அந்தச் சரிவில் இறங்குகிறவர். பிரேக் கத்துகிறது என்று கொண்டு வந்து விட்டார். கழற்றிப் பார்த்தால் வெளிப்பக்கத்து பேடில் இன்னும் பாதி மிச்சம் இருக்கிறது, உள்பக்கத்து பேடு இரும்போடு இரும்பாய் உரசிக்கொண்டிருக்கிறது. சக்கரத்தின் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்து இன்னும் இருக்கிறது என்று திருப்திப்பட்டுக்கொள்கிறவர்களுக்கு இதுதான் கதி. முன்சக்கரங்களுக்கு பேடும் டிஸ்க்கும் புதிதாகப் போடுவது, கறுத்துப்போயிருந்த பிரேக் ஆயிலை முழுக்க இறக்கிவிட்டுப் புதிதாக ஊற்றுவது என்று முடிவு செய்தோம். நான் பக்கத்தில் நின்று பார்த்தது பேடு மாட்டுகிற வரைக்கும்தான். அதற்குள் வேறொரு வண்டிக்காரர் வந்து பேச்சுக் கொடுக்க, நான் வாசலுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் வண்டியை எடுத்துப்போக டீச்சரம்மா வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தம்பி கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். அவன் மனைவி வழக்கம்போலத் தலையை முடிந்துகொண்டே இறங்கி வந்தாள். அவன் அவளைப் பார்க்காமலேயே, நீ மேலே போ, உனக்குத் தலைவலி இல்லையா என்றான். எனக்கா என்றாள் அவள். காலையில் சொன்னாயே என்றான். நான் எப்போது சொன்னேன் என்று அவள் கேட்டாள். படிக்கட்டுப் பக்கம் திரும்பி மேலே குரல் கொடுத்தான்.

"அண்ணி, கொஞ்சம் வாங்களேன். ஒரு சுத்து போயிட்டு வந்துடலாம்."

முறைப்படி பார்த்தால் இதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. அண்ணியும் வீட்டு ஆள்தான். ஆனால் இத்தனை வருஷத்தில் அவன் என் மனைவியைக் கூப்பிட்டதில்லை. என் முழங்கால் போன பிறகு அவள் காரிலேயே ஏறியதில்லை. கூப்பிட்டதும் புடவையை மாற்றாத குறையாக ஓடி வந்தாள். முன் இருக்கையில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடியில் முகத்தைப் பார்த்து நெற்றி முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்கு இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். என் முழங்காலைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு நான் எழுகிற நேரம் எவ்வளவு என்று தெரியும். எனக்கு முன்னால் தம்பி மனைவி காரை அடைந்துவிட்டாள். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, எறங்குங்க."

"ஏண்டி? என்ன ஆச்சு?"

"எறங்குங்கக்கா."

வெளி ஆட்கள் முன்னால் இதென்ன பழக்கம் என்று தம்பி பல்லைக் கடித்தான். அவள் அவனை நேராகப் பார்த்தாள். சத்தம் போடவில்லை.

"என்னை எறக்கி விட்டீங்கல்ல. அவங்களையும் எறக்கி விடுங்க."

என் மனைவி ஒன்றும் புரியாமல் இறங்கினாள். டீச்சரம்மா பெஞ்சிலிருந்து எங்கள் நான்கு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் போனட்டைத் திறக்கச் சொன்னேன். எல்லாம் பார்த்துவிட்டேன் என்றான் தம்பி. திற என்றேன்.

பிரேக் ஆயில் ஊற்றுகிற டப்பாவின் மூடியைத் திருகி எடுத்தேன். மூடிக்கு அடியில் ரப்பர் ஒன்று இருக்கும். நல்ல வண்டியில் அது வாயில் கச்சிதமாக உட்காரும். இதில் அது தண்ணீரில் கிடந்த விரல் நுனி மாதிரி உப்பி, ஓரமெல்லாம் நெளிந்திருந்தது. திரும்ப வைத்து அழுத்தினேன். உள்ளே போகவில்லை.

தொழில் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிரேக்குக்கென்று தனி ஆயில். ஸ்டீயரிங்குக்குப் போடுகிற ஆயில் வேறு. அதில் ஒரு வாய் பிரேக்குக்குள் போனாலும் உள்ளே இருக்கிற ரப்பரெல்லாம் அதைக் குடித்து உப்பிவிடும். உப்பினால் மிதித்த பிரேக் விடாது. விடாத பிரேக் உரசிக்கொண்டே ஓடிச் சூடேறும். சூட்டில் ஆயில் கொதித்து ஆவி கட்டும். ஆவி கட்டிய பிறகு மிதித்தால் பெடல் தரைக்குப் போகுமே தவிர வண்டி நிற்காது. நல்ல ஆயிலை ஊற்றிக் கழுவினால் போகிற விஷயம் இல்லை இது. மாஸ்டர் சிலிண்டரில் தொடங்கி நான்கு சக்கரம் வரை உள்ள ஒவ்வொரு ரப்பரையும், ஒவ்வொரு குழாயையும் மாற்றியாக வேண்டும்.

எதை ஊற்றினாய் என்று அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டேன். இரண்டு கேனும் ஒரே நிறம் என்றான். பாதி ஊற்றிய பிறகுதான் கவனித்தானாம். உறிஞ்சி எடுத்துவிட்டானாம்.

"ரெண்டு தடவை கழுவிட்டேண்ணே. நல்லாத்தான் பிடிக்குது. வேணும்னா நீயே மிதிச்சுப் பாரு."

"பிடிக்கும். விடுமா?"

அவன் கைத்துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"நேத்தே ஏன் சொல்லல?"

"சொன்னா நீ என்ன பண்ணுவேன்னு தெரியும்."

"என்ன பண்ணுவேன்?"

"இதோ இப்பப் பண்ணப்போறியே, அதைத்தான்."

அது உண்மை. நான் டீச்சரம்மாவிடம் போனேன். வண்டியை இன்று தர முடியாது, எங்கள் ஒர்க்‌ஷாப்பில் தவறான ஆயிலை ஊற்றிவிட்டோம், உள்ளே உள்ள ரப்பர் எல்லாம் கெட்டுவிட்டது, அத்தனையையும் எங்கள் பொறுப்பில் மாற்றித் தருகிறோம் என்று சொன்னேன். ஊற்றிவிட்டோம் என்றுதான் சொன்னேன். தம்பி பக்கம் கையைக் காட்டவில்லை, கண்ணைக்கூடத் திருப்பவில்லை. வீட்டுக்குள் யார் கை என்று கேட்பேன். வாசலுக்கு வெளியே அது எங்கள் எல்லோருடைய கை. அப்படித்தான் வளர்ந்தேன்.

அவர் கோபப்படவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நான் பாட்டுக்கு அக்காவை ஏத்திக்கிட்டு எறங்கியிருந்தா?"

பாதிச் சரிவில் பிரேக் இல்லாமல் போயிருக்கும் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, தெருமுனையில் வாடகைக்கு நிற்கிற காரை அழைத்து ஏறிப் போனார். அந்தக் காரை ஓட்டுகிறவருக்குத் தெருவில் ஹாரன் என்று பெயர். ஆளே இல்லாத சாலையிலும் ஹாரன் அடிப்பார். காதில் விழுந்த செய்தியையும் அப்படித்தான் ஊருக்கெல்லாம் அடிப்பார்.

மேலே போனதும் தம்பி வெடித்தான். ஒரு வெளிப் பெண்மணி முன்னால் தன் மானத்தை வாங்கிவிட்டேனாம். பார்ட்ஸ் வரவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமாம், சத்தமில்லாமல் எல்லாவற்றையும் மாற்றியிருப்பானாம். டீச்சரம்மாவுக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லையாம். அவன் முடித்த பிறகு கேட்டேன்.

"ஆயில் தப்பாப் போனது இருக்கட்டும். அதை மறைச்சதும் இருக்கட்டும். அண்ணிய ஏன் கூப்பிட்டே?"

மெதுவாகத்தான் ஓட்டியிருப்பேன், பாதியிலேயே திருப்பிக்கொண்டு வந்திருப்பேன், ஒன்றும் ஆகியிருக்காது என்றான்.

"அப்போ உன் பொண்டாட்டியவே உக்கார வெச்சிருக்கலாமே."

அவன் சுவரைப் பார்த்தான். அவன் மனைவி அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். அவளும் அந்தப் பதிலுக்காகத்தான் நின்றாள் என்று நினைக்கிறேன்.

என் மனைவி அதுவரை வாய் திறக்கவில்லை. அவள் தம்பியைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் திரும்பியது என் பக்கம்.

"அவனாவது அவன் பொண்டாட்டிய எறக்கி விட்டான். நீங்க எல்லாத்தையும் பார்த்துக்கிட்டே இருந்தீங்க."

எழுந்துகொண்டுதான் இருந்தேன் என்றேன்.

"எழுந்துக்கிட்டுத்தான் இருந்தீங்க. வாயிலயா முட்டி இருக்கு?"

டீச்சரம்மா உட்கார்ந்திருந்தார், அவர் முன்னால் கத்தி ஊரைக் கூட்டுவது நம் வழக்கம் இல்லை, பக்கத்தில் போய்ச் சொல்லலாம் என்றுதான் எழுந்தேன் என்றேன். அது உண்மைதான். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். அவள் கேட்டுவிட்டு, உங்கள் அப்பாவும் நீங்களும் உங்கள் தம்பியும் ஆளாளுக்கு உங்கள் கையை நம்புங்கள், இனிமேல் அதற்கு நான் சாட்சியாக உட்கார முடியாது என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். இத்தனை வருஷத்தில் ஒருமுறையாவது உட்காருகிறாயா என்று எங்களை யாராவது கேட்டீர்களா என்று உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

அந்த வாரமே தம்பி தனியாகப் போனான். பாலத்துக்கு அந்தப் பக்கம் சந்தைச் சாலையில் ஒரு இடம் பிடித்தான். கருவிகளில் பாதியை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். நல்ல பாதியை எடுத்துக்கொண்டான். நான் தடுக்கவில்லை. அவன் மனைவி கடைசிப் பாத்திரக் கூடையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். கீழே நான் நின்றிருந்தேன். நீ செய்தது பெரிய காரியம், இந்த ஒர்க்‌ஷாப்பின் பெயரைக் காப்பாற்றினாய் என்று சொன்னேன். அவளைப் பாராட்ட வேண்டும் என்றுதான் சொன்னேன்.

"அக்காவுக்காக எறக்கினேன், மாமா. உங்க ஒர்க்‌ஷாப்புக்காக இல்ல" என்றாள். கூடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு போனாள். தன் கணவனை நாலு பேர் முன்னால் காட்டிக்கொடுத்த பெண் அதே கணவனோடு எப்படிக் குடித்தனம் செய்யப்போகிறாள் என்று நினைத்துப் பார்த்தேன். அதைக் கேட்கிற உரிமை எனக்கு இருப்பதாகத் தெரியவில்லை.

டீச்சரம்மாவின் காரை நானே செய்தேன். கீழே பலகை போட்டு, அதில் படுத்து, எழ முடியாமல் எழுந்து செய்தேன். மாஸ்டர் சிலிண்டர், பேடை அழுத்துகிற காலிப்பரின் ரப்பர்கள், பின் சக்கரத்து சிலிண்டர்கள், ரப்பர் குழாய்கள் எல்லாம் புதிது. இரும்புக் குழாய்களைக் கழுவி ஊதிக் காயவைத்தேன். கடைசியில் குழாயிலிருந்து காற்றை எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே பெடலை மிதிக்க, ஒருவர் கீழே சக்கரத்தில் திருகாணியைத் திறந்து மூட. என் மனைவியைக் கூப்பிட்டேன். வந்தாள்.

"மிதி."

"மிதிச்சேன்."

"விடாதே."

"விடல."

"இப்ப விடு."

அந்த நாட்களில் எங்களுக்குள் நடந்த பேச்சு இவ்வளவுதான். நான்கு சக்கரமும் முடிந்ததும் அவள் இறங்கி மேலே போய்விட்டாள். சரிவில் நான் தனியாகத்தான் ஓட்டிப் பார்த்தேன். பிரேக் பிடித்தது, விட்டது. எங்கும் சூடில்லை, வாடையில்லை. டீச்சரம்மா சாவியை வாங்கிக்கொண்டு மிகவும் மரியாதையாக நன்றி சொன்னார். உண்மையைச் சொன்னதற்கும் சேர்த்து நன்றி என்றார். அதன் பிறகு அவர் கார் எங்கள் வாசலுக்கு வரவில்லை. தன் அக்காவை ஏற்றிக்கொண்டு போகிறவரைக் குறை சொல்ல மாட்டேன்.

பிறகு மற்ற வண்டிகளும் குறைந்தன. ஆள் போதாததுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எப்போதாவது ஒரு பேடு மாற்றுவது, ஒரு டிரம்மைத் திறந்து தூசி தட்டுவது என்று நாள் போனது. ஒரு மத்தியானம் ஹாரன் தன் காரைக் கொண்டு வந்து நிறுத்தினார். பின் சக்கரத்தில் சத்தம். நான் கழற்ற ஆயத்தமானேன். அவர் சாவியைக் கொடுக்காமல் விரலில் சுழற்றிக்கொண்டே நின்றார். என் மனைவி அவருக்குத் தேநீர் கொண்டு வந்து பெஞ்சில் வைத்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க பெரியவரே. கேட்டுட்டு விட்டா மனசு நிம்மதியா இருக்கும்" என்றார்.

கேளுங்கள் என்றேன்.

சந்தைச் சாலையில் தம்பி சொல்கிறானாம். அண்ணனுக்குக் கண் சரியில்லை, கேனைப் பார்க்காமல் ஆயிலை மாற்றி ஊற்றிவிட்டார், நான் சண்டை போட்டும் கேட்கவில்லை, உயிரோடு விளையாடுகிற இடத்தில் இருக்கக் கூடாது என்றுதான் வெளியே வந்தேன் என்று. டீச்சரம்மாவிடமும் விசாரித்தாராம். ஊற்றிவிட்டோம் என்று பெரியவரே வந்து சொன்னார் என்றாராம் அவர். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு நான் சொன்னது அவ்வளவுதான்.

"நீங்கதானா ஊத்தினது?" என்று ஹாரன் கேட்டார்.

என் மனைவி போகாமல் நின்றாள். அவள் என்னைப் பார்த்த பார்வையில், கோபத்தைத் தாண்டி, இத்தனை நாளுக்குப் பிறகு ஏதோ ஒன்றை எதிர்பார்க்கிற ஆசை இருந்தது. ஒரு வார்த்தை போதும். என் கண்ணில் ஒன்றும் இல்லை, ஊற்றினது என் தம்பி என்று சொன்னால் ஹாரன் மாலைக்குள் ஊர் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். எங்கள் வாசலில் மறுபடி வண்டி நிற்கும். அதே வாயால் என் அப்பாவின் இளைய மகன் பொய்யன் என்றும் ஊர் பேசும். தம்பி மனைவி கடைக்குப் போகிற வழியெல்லாம் அது அவள் காதில் விழும். அவன் என்னைப் பற்றிச் சொல்லலாம், அவன் அப்படித்தான். நானும் அதையே செய்தால் எங்கள் இரண்டு பேரையும் எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பது?

"ஒர்க்‌ஷாப் என்னோடது" என்றேன்.

"அது தெரியும். ஊத்தினது யாருன்னு கேட்டேன்."

"என் ஒர்க்‌ஷாப்ல ஊத்தினது. அவ்வளவுதான்."

"இவருக்கு ஊசியில நூல் கோக்கற கண்ணு…" என்று என் மனைவி தொடங்கினாள். நீ பேசாதே என்றேன். அவள் நிறுத்திக்கொண்டாள்.

ஹாரன் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பின் சக்கரத்துச் சத்தம் அவசரமில்லை, இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்றார். சரி என்றேன். அவர் கார் தெருமுனைக்குப் போய், ஒரு ஹாரன் அடித்து, பாலத்துப் பக்கம் திரும்பியது.

அவருக்கென்று வைத்த தேநீர் பெஞ்சில் அப்படியே இருந்தது. என் மனைவி அதை எடுத்து வந்து என் மேஜைமேல் வைத்தாள்.

"ஆறிப்போச்சு. குடிங்க" என்றாள்.

குடித்தேன்.